கவி பனாரசிதாசரும் சமயசாரமும்

பொன்னூர் மலையில் தவம் புரிந்தவர் என நாம் வணங்கிவரும் ஆசாரியர் குந்தகுந்தர் பிராகிருத மொழியில் அருளிய நூல் சமயசாரம். அந்நூல், பல நூற்றாண்டுகளுக்குப் பின், வடநாட்டு வணிகர் ஒருவரை முதலில் நிலைதடுமாறச் செய்தது. பின்னர் அவரை நிலைநிறுத்தியதும் அதுவே. அவர்தாம் கவி பனாரசிதாசர்.

இவர் 1586ஆம் ஆண்டு ஜவுன்பூரில், ஸ்ரீமால் குலத்து வணிகர் கரக்சேனரின் மகனாகப் பிறந்தார். இளமையில் சிருங்காரச் சுவை மிகுந்த நூல் ஒன்றை இயற்றினார். பின்னர் மனம் வெறுத்து அதனைக் கோமதி ஆற்றில் எறிந்துவிட்டார். வணிகத்தில் பன்முறை பொருளிழந்தார். மும்முறை மணம் புரிந்தும், பிறந்த ஒன்பது மக்களையும் ஒருவர்பின் ஒருவராக இழந்தார்.

1623இல் ஆக்ராவில் அன்பர் ஒருவர் இவருக்குச் சமயசாரத்தை இராஜமல்லரின் உரையோடு அளித்தார். ஆன்மா இயல்பாகவே தூயது என்னும் நிச்சய நயக் கருத்து இவர் உள்ளத்தை ஆட்கொண்டது. ஆயின், வியவகார நயத்தை இவர் மறந்தார். பூஜை, ஜபம், நோன்பு யாவும் வெறும் சடங்குகளே எனக் கைவிட்டார். நண்பர் மூவருடன் அறைக்குள் ஆடை களைந்து, தாமும் முனிவரே எனச் சொல்லிச் சுற்றிவந்ததும் உண்டு. ஊரார் பழித்தனர்.

1635இல் பண்டிதர் ரூபசந்தர் ஆக்ராவுக்கு வந்து, நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியின் கோம்மடசாரத்தை விளக்கினார். உயிர் படிப்படியாக ஏறும் பதினான்கு குணஸ்தானங்களையும், அந்தந்தப் படிக்குரிய ஒழுக்கத்தையும் பனாரசிதாசர் அப்போது உணர்ந்தார். தாம் நிற்கும் படியை அறியாமல் உச்சியைப் பற்றிப் பேசியதே தம் பிழை எனத் தெளிந்தார். இரு நயங்களும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதும் விளங்கிற்று.

அத்தெளிவின் கனியே 1636இல் பிரஜ மொழியில் இவர் இயற்றிய சமயசார நாடகம். சமயசாரத்திற்கு வடமொழியில் உரை கண்ட அமிர்தசந்திரர், தத்துவங்களை நாடக மேடைக்கு வரும் பாத்திரங்களாக முன்பே உருவகித்திருந்தார். அவ்வழியைப் பற்றியே இவரது கற்பனை விரிந்தது. உயிரும் வினையும் பல வேடங்களில் தோன்றுகின்றன. அறிவு அவ்வேடத்தை அடையாளம் கண்டதும் அது கலைந்து அகல்கிறது. ஒருகாலத்தில் சிருங்காரத்தில் உழன்ற கற்பனை, இப்போது அகத்தைக் காணும் கண்ணாயிற்று. இந்நூலைப் பயில்வோர், தம் நெஞ்சில் எழும் சினமும் செருக்கும் தம் இயல்பல்ல, வந்துபோகும் வேடங்களே எனக் காணப் பழகுவர்.

1641இல் தம் வரலாற்றை அர்த்த கதானகம் என்னும் பெயரில் 675 பாடல்களாகப் பாடினார். மனித ஆயுள் 110 ஆண்டுகள் எனக் கொண்டு, தம் 55ஆம் வயதில் அதனைப் பாதிக் கதை என்றழைத்தார். தம் குற்றங்களையும் அதில் மறைத்தாரில்லர்.

சமயசாரத்தை ஓதும் நம் இல்லத்தார் இவ்வரலாற்றை நெஞ்சிற்கொள்வது நன்று. ஆகமம் நம் அகத்தைக் காட்டும் கண்ணாடி. அதில் ஆன்மாவின் தூய்மையைக் காணும் அதே வேளையில், நாம் நிற்கும் படியையும் காண்பதே ஸ்வாத்யாயத்தின் பயனாகும்.