விழிஞ்ஞம் கேள்விக்கு நூறாண்டுக்கு முன்பே பாடம் வகுத்தவர்: நகரத் திட்டமிடல் முன்னோடி பேட்ரிக் கெடிஸ்

விழிஞ்ஞம்: திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் அமைந்துள்ள சர்வதேசத் துறைமுகத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணித்தார். துறைமுகக் கட்டுமானத்தால் கடலரிப்பு ஏற்பட்டு வீடுகளும் வாழ்வாதாரமும் பறிபோவதாகக் கூறி, 2022-ஆம் ஆண்டில் மீனவர்கள் அங்கு நான்கு மாதங்களுக்கும் மேலாகப் போராடினர்.

ஓரிடத்து நிலத்தின் பயன்பாடு மாறும்போது, அங்கு வாழும் மக்களையும் அவர்களது தொழிலையும் எவ்வாறு கணக்கில் கொள்வது என்பதே அப்போராட்டம் எழுப்பிய கேள்வி. அதனை இந்தியப் பல்கலைக்கழக வகுப்பறைக்கு முதலில் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ்.

1854 அக்டோபர் 2-ஆம் தேதி பலாட்டர் என்னும் சிற்றூரில் பிறந்த கெடிஸ், லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். 1879-இல் மெக்சிகோவில் ஆய்வு மேற்கொண்டபோது அவரது பார்வை பாதிக்கப்பட்டது. பார்வை மீண்டும் கிடைத்தது என்றாலும், நுண்ணோக்கியில் நீண்ட நேரம் பணியாற்ற இயலாமல் போனது. அவரது கவனம் மனிதரையும் அவர்தம் வாழிடங்களையும் நோக்கித் திரும்பியது.

1886-இல் அன்னா மார்ட்டனை மணந்த அவர், எடின்பரோவின் நெரிசல் மிகுந்த பழைய குடியிருப்பு ஒன்றில் குடியேறினார். அண்டை வீட்டாருடன் சேர்ந்து சுவர்களுக்கு வெள்ளையடித்து, முற்றங்களைச் சீரமைத்தார். குடியிருப்போரை வெளியேற்றாமலேயே ஒரு பகுதியை மேம்படுத்த முடியும் என்ற அவரது நம்பிக்கை அங்கேதான் வேரூன்றியது. 1888 முதல் டண்டி பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் பணியாற்றினார்.

சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் 1914-இல் அவர் இந்தியா வந்தார். அவரது நகரத் திட்டமிடல் கண்காட்சிக்கான வரைபடங்களும் படங்களும் 'கிளான் கிராண்ட்' கப்பலில் வந்துகொண்டிருந்தன. சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மானியப் போர்க்கப்பல் 'எம்டன்', அவ்வாண்டு அக்டோபரில், விழிஞ்ஞத்துக்கு மேற்கே அரபிக் கடலில் உள்ள மினிக்காய் தீவுக்கு அருகே அக்கப்பலை மூழ்கடித்தது. பல்லாண்டுச் சேகரிப்பு கடலில் கலந்தது. எனினும் நண்பர்கள் திரட்டி அனுப்பிய புதிய தொகுப்பைக் கொண்டு, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தில் கண்காட்சி நடைபெற்றது.

தொடர்ந்து மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட நகரங்களை அவர் ஆய்வு செய்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேரான தெருக்கள் அமைக்கும் திட்டத்தை அவர் ஏற்கவில்லை. தெருத்தெருவாக நடந்து பார்த்து, சிதைந்த சில கட்டடங்களை மட்டும் அகற்றி, காலியிடங்களில் மரம் நட்டு, காற்றோட்டத்துக்கு வழிவகுக்கும் குறைந்த செலவிலான மாற்றுத் திட்டத்தை முன்வைத்தார். நோயாளியைப் பரிசோதித்த பின்னரே மருத்துவர் சிகிச்சையைத் தீர்மானிப்பது போல, கள ஆய்வுக்குப் பின்னரே திட்டம் வரைய வேண்டும் என்பது அவரது கொள்கை. இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் ஒருசேர ஆராய வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். பண்டைய தென்னக நகரமைப்பு குறித்து சி.பி. வேங்கடராம ஐயர் எழுதிய நூலுக்கு அவர் முன்னுரையும் வழங்கினார்.

1917-ஆம் ஆண்டு அவருக்குப் பேரிழப்பாக அமைந்தது. மூத்த மகன் அலாஸ்டர் பிரான்ஸ் போர்க்களத்தில் உயிரிழந்தார். சில வாரங்களில் மனைவி அன்னா இந்தியாவில் நோயுற்றுக் காலமானார். ஆயினும் பணியைத் தொடர்ந்த கெடிஸ், மறு ஆண்டு இந்தூர் நகருக்கான விரிவான அறிக்கையை வெளியிட்டார்.

1919-இல் பம்பாய் பல்கலைக்கழகம் சமூகவியல், குடிமையியல் துறையைத் தொடங்கி அவரைத் தலைமைப் பேராசிரியராக நியமித்தது. சமூகத்தையும் நகரத்தையும் மாணவர்கள் ஒரே பாடமாகப் பயில வேண்டும் என அவர் விரும்பினார். உடல்நலக் குறைவால் 1924-இல் அவர் விலகிய பின், அத்துறை ஜி.எஸ். குர்யே தலைமையில் சமூகவியலிலும் மானுடவியலிலும் பெயர் பெற்றது. நகரத் திட்டமிடலோ 1955-இல் டெல்லியில் தொடங்கப்பட்ட தனிப் பள்ளி வாயிலாக வேறு பாதையில் வளர்ந்தது. கெடிஸின் அறிக்கைகளில் பலவும் செயல்வடிவம் பெறவில்லை.

இந்தப் பிரிவின் விளைவை விழிஞ்ஞத்திலும் காணலாம். கடலரிப்பை ஆராய அரசு நிபுணர் குழுவை அமைத்தது. போராட்டக்காரர்கள் தங்கள் தரப்பில் மக்கள் ஆய்வுக் குழுவை அமைத்தனர். ஒரே கடற்கரைக்கு இரண்டு ஆய்வுகள் தேவைப்பட்டன. அவையும் கட்டுமானம் தொடங்கிய பல ஆண்டுகளுக்குப் பிறகே வந்தன.

இந்தியாவிலிருந்து சென்ற கெடிஸ், பிரான்ஸின் மான்பெல்லியே நகரில் கல்லூரி ஒன்றை நிறுவினார். டெல் அவிவ் நகருக்கான திட்டத்தையும் வகுத்தளித்தார். 1932-ஆம் ஆண்டில் அவருக்கு 'சர்' பட்டம் வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி மான்பெல்லியேவில் தமது 77-ஆவது வயதில் அவர் காலமானார்.