பதினேழு வயதில் புகழ் பெற்ற பாடகர் ரிச்சி வாலன்ஸ்

நெடுநாள் வாழ்ந்து புகழ் பெற்றோர் பலர். பதினேழே ஆண்டுகள் வாழ்ந்து, அவற்றுள் ஏறத்தாழ எட்டே மாதங்கள் இசைத்தட்டுப் பாடகராக விளங்கி, நிலைத்த புகழ் பெற்றவர் ரிச்சி வாலன்ஸ். ராக் அண்ட் ரோல் என்னும் துள்ளிசை அமெரிக்காவில் வளர்ந்துவந்த காலத்தில் பாடியவர் அவர். அவர்தம் வாழ்க்கையை நாம் இங்கே அறிந்துகொள்வோம்.

இவர் 1941ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், மெக்சிகோ வழிவந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். ரிச்சர்ட் ஸ்டீவன் வலென்சுவேலா என்பது பெற்றோர் இட்ட பெயர். மகனின் இசை ஆர்வத்தை வளர்த்த தந்தையார், அவருடைய பத்தாம் வயதில் காலமானார். ரிச்சியோ சோர்ந்துவிடவில்லை. இடக்கைப் பழக்கம் உடையவராயினும், வலக்கையால் கித்தார் வாசிக்கப் பழகினார். பள்ளித் தோழர்களுக்குப் பாடிக்காட்டி மகிழ்ந்தார்.

1957ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், வானில் இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டன. ஒன்றின் சிதைவுகள் அவர் பயின்ற பள்ளியின் திடலில் வீழ்ந்தன. மாணவர் மூவர் மாண்டனர். பாட்டனாரின் இறுதிச் சடங்கிற்குச் சென்றிருந்ததால் ரிச்சி அன்று பள்ளியில் இல்லை. ஆயினும் விமானம் என்றாலே அஞ்சும் நிலை அவருக்கு ஏற்பட்டது.

1958ஆம் ஆண்டு, பாப் கீன் என்னும் இசைத்தட்டு வெளியீட்டாளர் அவரது திறமையைக் கண்டறிந்தார். வானொலி நிலையங்கள் தயக்கமின்றி ஏற்கவேண்டும் என்பதற்காக, வலென்சுவேலா என்னும் குடும்பப் பெயர் வாலன்ஸ் எனச் சுருக்கப்பட்டது. பெயர் சுருங்கினும் முன்னோர் பாட்டு மறையவில்லை. பள்ளித்தோழி ஒருத்தியை எண்ணி இயற்றிய 'டோனா' இசைத்தட்டின் ஒரு பக்கத்திலும், 'லா பாம்பா' மறுபக்கத்திலும் வெளிவந்தன. 'டோனா' அமெரிக்கப் பாடல் வரிசையில் இரண்டாம் இடத்தைப் பெற்றது. 'லா பாம்பா' மெக்சிகோவின் வெராகுரூஸ் பகுதி மக்கள் வழிவழியாகப் பாடிவந்த ஸ்பானிய மொழி நாட்டுப்பாடல். ஆங்கிலம் பேசியே வளர்ந்த ரிச்சி, ஸ்பானியச் சொற்களைக் கற்றுக்கொண்டு அதைப் புதிய துள்ளிசையில் பாடினார்.

1959ஆம் ஆண்டின் கடுங்குளிரில், பாடகர் குழுவினர் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று பாடினர். பேருந்தின் வெப்பக் கருவி பழுதுற்றதால் பெரிதும் துன்புற்றனர். பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, ஐயோவா மாநிலத்தின் கிளியர் லேக் ஊரில் நிகழ்ச்சி முடிந்தபின், பாடகர் பட்டி ஹாலி சிறு விமானம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினார். அதில் எஞ்சிய ஓர் இடத்துக்காக நாணயம் சுண்டிப் பார்த்தனர். இடம் ரிச்சிக்கே கிடைத்தது. நள்ளிரவு கடந்து புறப்பட்ட விமானம் சற்று நேரத்தில் வயல்வெளியில் வீழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர்.

1987ஆம் ஆண்டு அவர் வாழ்க்கை 'லா பாம்பா' என்ற பெயரிலேயே திரைப்படமாயிற்று. லாஸ் லோபோஸ் குழுவினர் அதற்காகப் பாடிய அதே பாடல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. 2001ஆம் ஆண்டு ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் ரிச்சியின் பெயர் சேர்க்கப்பட்டது.

மாணவச் செல்வங்களே! வறுமையும் இளமையும் ரிச்சியின் முயற்சிக்குத் தடையாகவில்லை. ஊரார் நாவுக்கு எளிதாகப் பெயரைச் சுருக்கிக்கொண்டவர், முன்னோர் மொழியில் பாடிய பாட்டாலேயே இன்றும் நினைக்கப்படுகிறார். நம் பாட்டன் பாட்டியர் பாடும் பாடல்களை நாமும் கேட்டுப் பழகிப் போற்றுவோமாக!