பாடும் உரிமையைக் காத்த புனித ஹில்டெகார்ட்

பாடலால் இறைவனைப் புகழ்வது கன்னியர் மடங்களின் அன்றாடக் கடமை. அந்தப் பாடலுக்கே தடை வந்தால்? தம் எண்பதாவது வயதில் இச்சோதனையைச் சந்தித்து வென்றவர், ஜெர்மனியில் வாழ்ந்த புனித ஹில்டெகார்ட் அம்மையார்.

இவர் 1098-ஆம் ஆண்டு ரைன் நதி பாயும் நாட்டில் உயர்குடியில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோர் இவரை இறைவனுக்கு அர்ப்பணித்தனர். 1112-இல் டிசிபோடன்பெர்க் மடத்தில் யூட்டா என்னும் துறவியுடன் சேர்ந்து வாழத் தொடங்கினார். இலத்தீனில் திருப்பாடல்களை வாசிக்கவும் பாடவும் யூட்டாவே கற்பித்தார். 1136-இல் அவர் இறந்ததும், கன்னியர் ஹில்டெகார்டைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தனர்.

இளமை முதல் இவருக்கு இறைக்காட்சிகள் கிட்டின. நெடுநாள் அஞ்சி மறைத்தவற்றை, 1141-இல் வோல்மர் என்ற துறவியின் துணையோடு எழுதத் துணிந்தார். அந்நூல் முடியப் பத்து ஆண்டுகள் ஆயின. 1150 அளவில், மடாதிபதியின் எதிர்ப்பையும் தாங்கி, பிங்கன் நகருக்கு அருகே ரூபர்ட்ஸ்பெர்க்கில் கன்னியருக்கெனத் தனி மடம் அமைத்தார். மூலிகைகளைப் பற்றியும் எழுதினார். எழுபதுக்கும் மேற்பட்ட இலத்தீன் பாடல்களை இயற்றித் தாமே இசையமைத்தார். அவருடைய இசை நாடகத்தில் நற்பண்புகள் எல்லாம் பாடும். சாத்தானுக்கு மட்டும் பாட வராது, கத்துவான்.

1178-இல் வந்தது பெருஞ்சோதனை. முன்பு திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டிருந்த பிரபு ஒருவர் மடத்துக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் உடலைத் தோண்டி அகற்றும்படி மைன்ஸ் நகரத் திருச்சபை அதிகாரிகள் ஆணையிட்டனர். அவர் சாகும் முன்பே திருச்சபையோடு ஒப்புரவானவர் என்பதை அறிந்த அம்மையார் மறுத்தார். உடனே மடத்தின் மீது தடை விழுந்தது. நற்கருணை இல்லை, பாட்டும் இல்லை. கதவுகளை அடைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் செபங்களை வாசிக்க மட்டுமே அனுமதி.

அம்மையார் தடைக்குக் கீழ்ப்படிந்தார். ஆனால் உண்மையைச் சொல்லத் தயங்கவில்லை. அதிகாரிகளுக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஆதிமனிதன் பாவம் செய்யுமுன் வானதூதரோடு இசைந்து பாடும் குரல் பெற்றிருந்தான் என்றும், இழந்த அந்த இனிமையை நினைவூட்டவே இசை இருக்கிறது என்றும் எடுத்துரைத்தார். நியாயமின்றி இறைபுகழ்ச்சியை அடக்குவோர் விண்ணகப் புகழ்ச்சியில் பங்கு பெறார் என்றும் எச்சரித்தார். அப்போது இத்தாலியில் இருந்த பேராயருக்கும் முறையிட்டார். 1179-இல் தடை நீங்கியது. மடத்தில் மீண்டும் பாடல் ஒலித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் அம்மையார் இறைவனடி சேர்ந்தார்.

2012-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அப்பெருமை பெற்ற பெண்கள் நால்வரே. அவர் எழுதிய இலத்தீன் வரிகளுக்கு, அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிராங்க் ஃபெர்கோ நம் காலத்தில் பாடகர் குழுவுக்கெனப் புதிய இசை அமைத்துள்ளார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அடைத்த கதவுக்குள் அடங்கியிருந்த குரல், இன்று கடல் கடந்தும் கேட்கிறது.

அன்புத் தோழியரே! ஆலயத்தில் பாடல் புத்தகத்தைத் திறக்கும்போது, ஒரு பாட்டுக்காக அந்த மூதாட்டி பட்ட பாட்டை எண்ணுவோம். மனம் திறந்து பாடுவோம்!