மேயோ பிரபு

அரசு நிலைபெறுதற்குக் குடியும் படையும் போலவே பொருளும் இன்றியமையாததாகும். பொருளைத் திரட்டுதல் அரிது. திரட்டியதனைத் தலைமை அரசாங்கத்துக்கும், மாகாணங்களுக்கும், ஊர்களுக்கும் முறையுறப் பகிர்தல் அதனினும் அரிது. இந்திய நாட்டில் இவ்வரிய செயலுக்கு அடிகோலியவர், 1869 முதல் 1872 வரை இராஜப்பிரதிநிதியாய் விளங்கிய மேயோ பிரபு ஆவர். அவர் அந்தமான் தீவிற் கொலையுண்ட செய்தியை அறிந்தார் பலர். அவர் ஆற்றிய இப்பணியை அறிந்தார் சிலரே. ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ரிச்சர்டு சவுத்வெல் போர்க் என்பது இவர்தம் இயற்பெயர். 1822-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 21-ஆம் நாள் அயர்லாந்திலுள்ள டப்ளின் நகரிற் பிறந்து, அந்நகரத்துத் திரித்துவக் கல்லூரியிற் கல்வி பயின்றார். இளமையில் ருஷிய நாட்டிற்குச் சென்று, ஆங்குக் கண்டவற்றை ஒரு நூலாக வெளியிட்டார். அயர்லாந்தைக் கொடும்பஞ்சம் வருத்திய நாளில் ஏழைகளின் துயர்துடைக்க உழைத்தார். 1847-ல் பார்லிமெண்டில் உறுப்பினரானார். பின்னர் அயர்லாந்தின் தலைமைக் காரியதரிசிப் பதவியை மும்முறை வகித்தார். 1867-ல் தந்தையார் பட்டம் இவருக்கு வந்தது. 1869 ஜனவரியில் கல்கத்தாவில் இராஜப்பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார்.

அந்நாளிற் பொக்கிஷத்தின் நிலை கவலைக்கிடமாயிருந்தது. செலவு வரவினும் மிக்கிருந்தது. மேயோ பிரபு செலவைக் குறைத்தார். வருமான வரியையும் உயர்த்தினார். குடிகள் முணுமுணுத்தனர். ஆயினும் நோயின் வேர் வேறிடத்தில் உள்ளது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார்.

1833-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டின் வருவாய் முழுவதும் தலைமை அரசாங்கத்துக்கே உரியதாயிற்று. சென்னை, பம்பாய் முதலிய மாகாணத்தார் வரியைத் தண்டுவர். ஆனால் அதனின்று ஒரு சிறு பணியாளனுக்குப் புதிதாகச் சம்பளம் வகுக்கவும் கல்கத்தாவின் அனுமதியை நாடி நிற்பர். ஆண்டுதோறும் மாகாணங்கள் தத்தம் தேவைகளை எழுதியனுப்ப, உரக்கக் கேட்டவர்க்கு மிகுதியாகக் கிடைத்தது. சிக்கனஞ் செய்து மீத்த பணமோ ஆண்டிறுதியில் தலைமை அரசாங்கத்தைச் சேர்ந்தது. ஆகவே மீப்பார்க்கு இழப்பும், கேட்பார்க்கு ஊதியமுமாய் முடிந்தது.

இக்கேட்டினை ஒழிக்க, 1870 டிசம்பர் 14-ஆம் நாள் மேயோ பிரபுவின் அரசாங்கம் ஒரு தீர்மானத்தை வெளியிட்டது. சிறைச்சாலை, பத்திரப்பதிவு, போலீஸ், கல்வி, மருத்துவம், அச்சு, சாலைகள், சர்க்கார்க் கட்டடங்கள் ஆகிய துறைகள் மாகாணங்களின் பொறுப்பில் விடப்பட்டன. அத்துறைகளின் வருவாயோடு, ஆண்டுதோறும் குறித்த ஒரு தொகையும் அவற்றுக்கு வழங்கப்பட்டது. மீதப்படுவது மாகாணத்துக்கே உரியது. குறைவதை மாகாணமே ஈடுசெய்தல் வேண்டும்.

திருமறையிலுள்ள தாலந்துகளின் உவமையை அறிந்தோர்க்கு இதன் கருத்து எளிதில் விளங்கும். நாள்தோறும் ஒவ்வொரு காசுக்கும் கையேந்தி நிற்கும் ஊழியன் உக்கிராணத்துவம் கற்கமாட்டான்; பொருளைக் கையிற்பெற்றுக் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவனே அதனைக் கற்பான்.

எனினும் இத்திட்டம் குறையற்றதன்று. அவ்வுவமையில் எசமான் அவனவன் திறமைக்குத் தக்கபடி தாலந்துகளைப் பகிர்ந்தான். மேயோ பிரபுவின் அரசாங்கமோ முன்னர்ச் செலவிட்ட அளவையே பெரும்பாலும் அடிப்படையாகக் கொண்டது. அதனால் முன்னரே மிகுதியாகப் பெற்ற மாகாணம் தொடர்ந்து மிகுதியாகப் பெற்றது. குறைவாகப் பெற்றதன் தேவையைக் கேட்பார் இலர். மேலும், தலைமை அரசாங்கம் இறக்கிவைத்த சுமை இறுதியிற் குடியானவன் தோளில் ஏறிற்று. சென்னை மாகாணத்தில் 1871-ஆம் ஆண்டில் லோகல் பண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. சாலை, பள்ளி, மருத்துவமனை முதலியவற்றுக்காக நிலத்தின்மேல் புதுவரி எழுந்தது. நம் ஊர்ப்புறங்களில் நன்மைகள் சில விளைந்தன. ஆயின் அவ்வரியைப்பற்றி வாக்களிக்கும் உரிமை உழவனுக்கு இல்லை.

தம் திட்டத்தின் பயனை நெடிது காண மேயோ பிரபுவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1872 பிப்ரவரி 8-ஆம் நாள் அந்தமானிலுள்ள கைதிகளின் குடியேற்றத்தைப் பார்வையிட்டார். ஹாரியட் மலையினின்று இறங்கி இருள்சூழ்ந்த துறையில் படகேறச் செல்லுகையில், ஷேர் அலி என்னும் கைதி அவரைக் கத்தியாற் குத்திக் கொன்றான். பிரபுவுக்கு அப்பொழுது வயது நாற்பத்தொன்பது. அவருடல் அயர்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கஞ் செய்யப்பட்டது.

அவர் இட்ட வித்து மடியவில்லை. 1877-ல் லிட்டன் பிரபுவின் காலத்தும், 1882-ல் ரிப்பன் பிரபுவின் காலத்தும், குறித்த தொகைக்கு மாறாக வருவாயிலேயே பங்கு தரும் முறை வளர்ந்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்போ, ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் நிதிக்குழு ஒன்று அமைந்து, மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் உரிய பங்கை ஆராய வகைசெய்தது. 1993-ல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் உரிய பங்கை ஆராய மாநில நிதிக்குழுக்களையும் விதித்தன. அன்று பங்கிடுவோர் அறையிலேயே முடிந்த காரியத்தைப்பற்றி, இன்று வரி கொடுப்போர் தம் பிரதிநிதிகளிடம் கணக்குக் கேட்கலாம். மேயோ பிரபு பொருளைப் பகிர்ந்தார். அதனைக் கேட்கும் உரிமையைப் பிறர் பின்னர்ச் சேர்த்தனர். இரண்டும் கூடியவிடத்தே பகிர்வு நீதியாகும்.