பருத்திக் காட்டுப் பாணர்: சார்லி ரிச்சின் குரலும் வாழ்வும்

மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில், ஆர்கன்சா மாநிலத்தின் கிழக்குப் பகுதியாக விரிந்து கிடப்பது பருத்தி விளையும் பூமி. அங்கே நிலத்துக்கு உடையவர் பெரும்பாலும் வெள்ளையர்; அதே நிலத்தில் வாரத்துக்கு உழுதவர் பலர் கறுப்பினத்தார். இருவருக்கும் தொழும் இடம் வேறு, பள்ளி வேறு, இடுகாடும் வேறு. இசைத்தட்டு வணிகர்களும் 1920களிலேயே இந்தப் பிரிவினையைத் தம் விற்பனைப் பட்டியல்களில் ஏற்றிவிட்டனர். வெள்ளைக் கிராமத்தாருக்கு ஒரு பட்டியல், கறுப்பருக்கு இன்னொன்று. முன்னதிலிருந்து வளர்ந்ததே பின்னாளில் கன்ட்ரி எனப் பெயர் பெற்ற இசை. பின்னதிலிருந்து ப்ளூஸும், தேவாலயப் பாடலின் உருக்கம் அதனோடு கலந்தபோது சோலும் பிறந்தன. பட்டியலைப் பிரிக்கலாம், காற்றில் வரும் ஓசைக்கு வேலி கட்ட எவரால் இயலும்? அந்த வேலி இல்லாத காற்றைக் குடித்து வளர்ந்தவர் சார்லி ரிச்.

1932 டிசம்பர் 14ஆம் நாள் கோல்ட் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் பருத்தி விவசாயிகள்; பாப்டிஸ்ட் சபையினர். தந்தை தேவாலயப் பாடற்குழுக்களில் பாடுவார். தாய் பியானோ வாசிப்பார். வீட்டின் இசை அது. வீட்டுக்கு வெளியே வேறொரு இசை இருந்தது. குடும்ப நிலத்தில் வாரத்துக்கு உழுத சி. ஜே. ஆலன் என்ற கறுப்பின விவசாயி ப்ளூஸ் பியானோவில் தேர்ந்தவர். சிறுவன் சார்லிக்கு அக்கலையைக் கற்றுக்கொடுத்த ஆசான் அவரே. உடையவரின் மகன் உழுபவரின் மாணாக்கனாக அமர்ந்த இந்நிகழ்ச்சி, அந்நாளைய தென்மாநிலங்களின் வழக்கத்தை எண்ணிப் பார்த்தால் சிறிதன்று. ரிச்சின் பாட்டைக் கேட்பவர், அவருடைய குரல் பியானோவின் இடக்கை போல் அடியில் ஊன்றி நிற்பதையும், வலக்கை போல் திடீரென மேலே தாவுவதையும் உணர்வர். அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

பள்ளியில் சாக்சஃபோன் வாசித்தார். ஜாஸ் மேதை ஸ்டான் கென்டனின் மீது அவருக்கிருந்த பித்தைக் கண்டு நண்பர்கள் கென்டன் என்றே அவருக்குப் பெயர் சூட்டினர். காற்பந்தாட்டத்துக்கான உதவித்தொகையோடு கல்லூரி சென்று, அடிபட்டு, பின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் இசை பயிலச் சேர்ந்து, அதையும் விட்டு 1953இல் விமானப் படையில் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான் மார்கரெட் ஆனை மணந்திருந்தார். ஓக்லஹோமாவின் ஈனிட் நகரில் பணியாற்றிய நாட்களில் வெல்வெட்டோன்ஸ் என்ற சிறு குழுவை அமைத்து ஜாஸும் ப்ளூஸும் வாசித்தார். குழுவின் பாடகி அவருடைய மனைவியே. 1956இல் படையை விட்டு வந்ததும் மெம்பிஸ் நகருக்கு எதிர்க்கரையில், வெஸ்ட் மெம்பிஸ் அருகே, சுமார் 500 ஏக்கர் நிலத்தில் உழவில் இறங்கினார். பகலில் வயல், இரவில் மெம்பிஸ் மதுக்கூடங்களில் பியானோ.

மார்கரெட் ஆன் இல்லையெனில் இந்த வரலாறு இத்துடன் முடிந்திருக்கும். கணவரின் கூச்சத்தை அறிந்த அவர், பாடல்கள் பதிந்த நாடாவைத் தாமே எடுத்துக்கொண்டு மெம்பிஸின் சன் நிறுவனத்துக்குச் சென்றார். எல்விஸ் பிரெஸ்லியையும் ஜானி கேஷையும் உலகுக்கு அறிமுகம் செய்த இடம் அது. நாடாவைக் கேட்ட பில் ஜஸ்டிஸ், இது ஜாஸாக இருக்கிறதே என்று குறைபட்டு, ஜெர்ரி லீ லூயிஸின் இசைத்தட்டுகள் சிலவற்றைக் கையில் கொடுத்து, இவ்வளவு மோசமாக வாசிக்கப் பழகியபின் அவரை வரச் சொல்லுங்கள் என்று அனுப்பினாராம். வேடிக்கையாகச் சொல்லப்படும் இக்கதையில் ஒரு கொடுமையும் இருக்கிறது. நன்றாக வாசிப்பதே குறையாகிப்போன நிலை அது. அவருடைய வாழ்நாள் முழுவதும் வெவ்வேறு உருவில் இதுவே திரும்பத் திரும்ப வந்தது.

சன் நிறுவனத்தில் முதலில் பிறருக்காகப் பியானோ வாசித்தார், பாடல் எழுதினார். ஜெர்ரி லீ லூயிஸும் ஜானி கேஷும் அவர் எழுதியவற்றைப் பாடினர். 1960இல் வெளியான 'லோன்லி வீக்கெண்ட்ஸ்' பில்போர்டு பட்டியலில் 22ஆம் இடம் வரை ஏறியது. எதிரொலி சேர்த்த அந்தப் பதிவில் எல்விஸின் சாயல் இருக்கிறதென்று அன்றே பேசினர். நிறுவனர் சாம் ஃபிலிப்ஸோ, தாம் பதிவுசெய்த பாடகருள் எல்விஸுக்கு ஈடாக நிற்கத்தக்கவர் ரிச் ஒருவரே என்று கருதினார். ஆனால் ரிச்சின் தனித்தன்மை வெளிப்பட்டது அதிலன்று. அடுத்த ஆண்டு வெளியான 'ஹூ வில் த நெக்ஸ்ட் ஃபூல் பி' என்ற அவருடைய சொந்தப் பாடலில்தான். மெதுவான, துவண்டு செல்லும் ப்ளூஸ் அது. பெரிய கறுப்பினப் பாடகராகிய பாபி ப்ளாண்ட் 1962இல் அதைத் தம் பாடலாக்கிக்கொண்டார். வெள்ளையர் கறுப்பரிடமிருந்து எடுத்துப் பாடுவதே வழக்கமாயிருந்த காலத்தில், கொடுக்கல் வாங்கல் இப்படியும் நடந்தது.

அவருடைய குரலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இயல்பில் அது பாரிடோன். ஆண்குரலில் நடுத்தரமான, கனமுள்ள வகை. எத்தனை ஸ்தாயி எட்டும் என்று அளவெடுப்பதில் பயனில்லை. அவரைவிட உயரம் தொட்டவர் பலர். அந்த எல்லைக்குள் அவர் எத்தனை நிறங்களைக் காட்டினார் என்பதே கேள்வி. மந்தரத்தில் அவர் பாடுவது பாட்டுக்கும் பேச்சுக்கும் இடைப்பட்டது, மூச்சு கலந்தது, பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் மட்டும் சொல்வது போன்றது. அங்கிருந்து நடுத்தானத்துக்கு வரும்போது மூச்சு விலகிக் குரல் திரண்டுகொள்ளும். மேலே ஏறும்போது ஓரங்களில் ஒரு சிராய்ப்பு தோன்றும். அந்தச் சிராய்ப்பே சோல். கறுப்பினத் தேவாலயங்களில், சொல் தீர்ந்தபின்பும் உணர்வு தீராதபோது பாடகர் எழுப்பும் ஓசைக்கு அது உறவு. ஆயினும் அவர்களைப் போல அதை அவர் நீட்டி முழக்குவதில்லை. ஒரு கணம் காட்டிவிட்டு மறைத்துக்கொள்வார். அந்த அடக்கம் கன்ட்ரி இசையின் கொடை. துயரை அழுது காட்டாமல் தொண்டைக்குள் வைத்துப் பாடுவது அம்மரபின் பண்பு. பொங்குவதும் அடங்குவதும் ஒரே வரியில் நடப்பதால்தான் அவர் பாட்டு நெஞ்சைப் பிசைகிறது.

இன்னொன்று காலப்பிரமாணம். தாளம் விழுந்த இடத்தில் சொல்லை வைக்க மாட்டார். இம்மி பின்னே தள்ளி வைப்பார். ஜாஸ் பாடகருக்கு அது இயல்பு. கன்ட்ரி பாடகரிடம் அரிது. ஒரு சொல்லின் கடைசி அசையை வளைத்து, இரண்டு மூன்று சுரங்களில் வழுக்கி இறங்கி முடிப்பதும் அவர் வழக்கம். கமகம் பழகிய காதுகளுக்கு இது விளங்கும். சுரத்தை நேராகச் சென்று தொடுவதைவிட, அதை அணுகும் வழியில்தான் அவருக்கு ஆர்வம்.

இத்துணைச் செல்வம் இருந்தும் வணிகத்துக்கு அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. பத்தாண்டுகளுக்குள் சன், ஆர்.சி.ஏ.வின் குரூவ், ஸ்மாஷ், ஹை, எபிக் என நிறுவனம் மாறிக்கொண்டே இருந்தார். 1965இல் ஸ்மாஷ் வெளியிட்ட 'மோஹேர் சாம்' 21ஆம் இடம் வரை சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் பீட்டில்ஸ் குழுவினர் எல்விஸைக் காணச் சென்றபோது அவர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு அதுவே என்பர். அடுத்துச் சேர்ந்த ஹை நிறுவனம், பின்னாளில் ஆல் கிரீனின் சோல் பாடல்களால் புகழடைந்த மெம்பிஸ் நிறுவனம். ஐசக் ஹேஸும் டேவிட் போர்ட்டரும் எழுதிய 'லவ் இஸ் ஆஃப்டர் மீ' என்ற முழுமையான சோல் பாடலை அவர் பாடியது இங்கேதான். அதே நிறுவனத்துக்காக 1967இல் ஹாங்க் வில்லியம்ஸின் கன்ட்ரி பாடல்கள் மட்டுமே கொண்ட ஒரு தொகுப்பையும் பாடினார். ஓராண்டுக்குள், ஒரே கூடத்தில், இரண்டு உலகங்கள். இரண்டும் விற்கவில்லை. சோல் வாங்குவோருக்கு அவர் வெள்ளையர். கன்ட்ரி வாங்குவோருக்கு அவர் பாட்டு கறுப்பு.

தோல்விகளினூடே மது அவரைப் பற்றிக்கொண்டது. குடும்பம் பட்ட பாட்டை ஊகிக்கலாம். மார்கரெட் ஆன் அதைப் பாட்டாக எழுதினார். வறுமையும் ஏமாற்றமும் ஏற்ற இறக்கமும் நிறைந்த இல்வாழ்வை, ஒரு கணவனின் வாய்மொழியாக அமைத்த அப்பாடல் 'லைஃப்ஸ் லிட்டில் அப்ஸ் அண்ட் டவுன்ஸ்'. 1969இல் ரிச் அதைப் பாடினார். மனைவி தம்மைப் பற்றி எழுதியதை, தாமே சொல்வதுபோல் ஒருவர் பாடுவதென்றால் அதற்கொரு நெஞ்சுரம் வேண்டும். அவருடைய பதிவுகளில் முதலிடம் இதற்கே தரத்தக்கது.

எபிக்கில் அவரை ஆட்கொண்ட தயாரிப்பாளர் பில்லி ஷெரில். போதகரின் மகன், இளமையில் ரிதம் அண்ட் ப்ளூஸ் குழுக்களில் வாசித்தவர், சாம் ஃபிலிப்ஸிடம் பணிபுரிந்தவர். வயலின்களும் பின்னணிக் குரல்களும் பட்டுத்திரை போல் சூழ்ந்து நிற்கும் நாஷ்வில் பாணிக்குச் சிற்பி அவர். இவ்வலங்காரம் ரிச்சைச் சிறைப்படுத்திவிட்டதென்று வருந்துவோர் உண்டு. அதில் பாதி உண்மை. மறுபாதியைக் கேட்பவர் காதே சொல்லும்: 1973இல் வந்த 'பிஹைண்ட் க்ளோஸ்ட் டோர்ஸ்' பாடலில் சரணம் முழுவதும் ரிச் முணுமுணுக்கிறார், பல்லவிக்கு வந்ததும் கதவு திறந்தாற்போல் குரல் விரிகிறது. அந்த ஒடுக்கமும் விரிவும் தெரிவதற்கு வாத்தியங்கள் விலகி நிற்கவும் சூழ்ந்து எழவும் வேண்டியிருந்தது. ஷெரில் அதை அறிந்திருந்தார். ஒரே ஒரு முரண்: பியானோவே வாழ்வாக வளர்ந்த ரிச்சின் மிகப் புகழ்பெற்ற பாடலில், தொடக்கத்தில் ஒலிக்கும் அந்தப் பியானோவை வாசித்தவர் ஹார்கஸ் ராபின்ஸ் என்ற பார்வையற்ற கலைஞர்.

அப்பாடல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றது. தொடர்ந்து வந்த 'த மோஸ்ட் பியூட்டிஃபுல் கேர்ள்' அவ்வாண்டின் இறுதியில் கன்ட்ரி, பொதுப் பட்டியல் இரண்டிலும் முதலிடம் பிடித்தது. அப்போது அவருக்கு வயது 41, தலை நரைத்திருந்தது. வெள்ளி நரி என்று ரசிகர் செல்லப்பெயர் இட்டனர். கிராமி விருதும், கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடகர் விருதும் வந்தன. 1974இல் அச்சங்கம் ஆண்டின் தலைசிறந்த கலைஞர் என்ற பட்டத்தையும் அளித்தது. முன்பு எவரும் வாங்காத ஆர்.சி.ஏ. பதிவுகளை அந்நிறுவனம் தூசி தட்டி வெளியிட, அவையும் முதலிடத்துக்கு ஏறின. பாட்டு மாறவில்லை, குரலும் மாறவில்லை.

மேடையையே அஞ்சிய மனிதருக்கு இந்தப் புகழ் சுமையாயிற்று. 1975 அக்டோபரில் அதே சங்கத்தின் விழாவில், அடுத்த கலைஞரை அறிவிக்கும் பணி அவருக்கு. உறையைப் பிரித்தார், ஜான் டென்வர் என்ற பெயர் இருந்தது. சட்டைப்பையிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்து, தொலைக்காட்சியில் நாடே பார்த்திருக்க, அத்தாளுக்குத் தீ வைத்தார். டென்வரின் மென்மையான பாட்டு கன்ட்ரியே அன்று என்ற எதிர்ப்பாக இதைக் கொண்டாடியவரும் உண்டு; அநாகரிகம் என்று சினந்தவரும் உண்டு. எதிர்ப்பு என்ற விளக்கம் பொருந்தவில்லை. ஜாஸும் ப்ளூஸும் சோலும் கலந்து பாடியதற்காக வாழ்நாளெல்லாம் வாசலில் நிறுத்தப்பட்டவர், இன்னொருவர் கன்ட்ரிக்கு உரியவரல்லர் என்று வாசல் காக்க முற்பட்டார் என்பது நம்பத்தக்கதன்று. காலில் பட்ட அடிக்கு உட்கொண்ட வலிமருந்தும் மதுவும் சேர்ந்து செய்த வேலை என்றே குடும்பத்தார் பின்னர் விளக்கினர். அந்தத் தீயில் அவர் வாழ்வே எரிந்ததென்று எழுதுவது வழக்கம். அதுவும் சரியன்று. 1977இல் 'ரோலின் வித் த ஃப்ளோ' கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றது. 1978இல் ஜேனி ஃபிரிக்குடன் பாடிய 'ஆன் மை நீஸ்' மீண்டும் முதலிடம் பெற்றது. இடையில் 1976இல், பெற்றோரின் தேவாலய இசைக்குத் திரும்பி 'சில்வர் லைனிங்ஸ்' என்ற தொகுப்பையும் தந்தார். 1980களில் அவர் ஒதுங்கியது உண்மை. துரத்தப்பட்டு ஒதுங்கினார் என்பதைவிட, விரும்பி ஒதுங்கினார் என்பதே பொருத்தம்.

பீட்டர் குரால்னிக் என்னும் எழுத்தாளர் 1971இல் வெளியிட்ட 'ஃபீல் லைக் கோயிங் ஹோம்' என்ற நூலில், அன்று தோல்வியுற்றவராய் அறியப்பட்டிருந்த ரிச்சுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருந்தார். அதைப் படித்து நெகிழ்ந்த ரிச் அதே தலைப்பில் ஒரு பாடல் இயற்றினார். வீடு திரும்பும் ஏக்கத்தைப் பாடும் அப்பாடல், புகழின் உச்சியில், 'த மோஸ்ட் பியூட்டிஃபுல் கேர்ள்' இசைத்தட்டின் மறுபக்கத்தில் இடம்பெற்றது. கோடிக்கணக்கானோர் பாடிய பாட்டின் முதுகில் அது யாரும் அறியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. தம் பியானோவை மட்டும் துணைகொண்டு அவர் பாடிய முன்வரைவுப் பதிவொன்றும் பின்னாளில் வெளியாயிற்று. வயலின்களோ பின்னணிக் குரல்களோ இல்லை. மந்தரத்தில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, உச்சியில் சிராய்த்து, மீண்டும் அமிழும் அந்தக் குரலின் முழுவீச்சையும் அறிய விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியது அதுவே.

1992இல் குரால்னிக்கின் முயற்சியோடு 'பிக்சர்ஸ் அண்ட் பெயின்டிங்ஸ்' என்ற தொகுப்பு வெளிவந்தது. பல ஆண்டு மௌனத்துக்குப்பின் ஜாஸ், ப்ளூஸ், காஸ்பெல், கன்ட்ரி அனைத்தையும் பிரிக்காமல், எந்தப் பட்டியலில் ஏறும் என்று கவலைப்படாமல் பாடினார். குரல் சற்றே தடித்திருந்தது. மேல்தானத்துக்கு முன்போல் எளிதாக ஏறவில்லை. ஏறாத இடங்களில் அவர் பியானோ ஏறியது. வீடு திரும்பும் பாடலை இதிலும் மீண்டும் பாடினார். அவர் வாழ்நாளில் வெளியான கடைசித் தொகுப்பு இதுவே.

1995 ஜூலையில், மகனைக் கண்டுவிட்டு மனைவியுடன் ஃபுளோரிடா நோக்கிக் காரில் சென்றுகொண்டிருந்தார். வழியில் கடும் இருமல் கண்டது. லூசியானாவின் ஹேமண்ட் ஊரில் ஒரு விடுதியில் இரவு தங்கினர். ஜூலை 25ஆம் நாள், நுரையீரலில் இரத்தம் உறைந்து, உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 62. அவர் நாடாவை முதன்முதல் சுமந்து சென்ற மார்கரெட் ஆன் 2010 வரை வாழ்ந்தார்.