கணித மேதை ஆர்தர் கெய்லி

கணக்கில் ஒரு பிழை நேர்ந்தாலே நாம் மனம் சோர்கிறோம். மேதைகளுக்கும் பிழை நேர்ந்ததுண்டு!

1821-இல் இங்கிலாந்தில் பிறந்த ஆர்தர் கெய்லி, 14 ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்துகொண்டே கணிதத் தொண்டாற்றினார். 1863-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியரானார். கார்பன் அணுக்களைப் புள்ளிகளாகவும் பிணைப்புகளைக் கோடுகளாகவும் கொண்டு, கிளைவிடும் 'மரங்கள்' வரைந்து, ஆல்கேன்களின் மாற்றியங்களை எண்ணினார். பியூட்டேனுக்கு 2, பென்டேனுக்கு 3 என 1875-இல் 13 கார்பன்கள் வரை கணக்கிட்டார். கடைசி இரண்டும் பிழையாயின: 355-க்குப் பதில் 357, 802-க்குப் பதில் 799.

இன்று கணிப்பொறி இவற்றை நொடியில் எண்ணிவிடும். ஆயினும் மரம் வரைந்து எண்ணும் வழியைத் திறந்தவர் அவரே.

கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் வழங்காத அக்காலத்தில், நியூனம் பெண்கள் கல்லூரியின் ஆட்சிக்குழுத் தலைவராகவும் துணைநின்றார். 1895-இல் மறைந்தார்.

தோழியரே, பிழைக்கு அஞ்சாமல் நாமும் முயல்வோமாக!