டோனாவூர் அம்மையார் தமிழ் கற்ற வரலாறு

பச்சையாற்று நீர் பாயும் எம் களக்காட்டிற்கு அணித்தே டோனாவூர் என்னும் சிற்றூர் உளது. ஆங்கு அரை நூற்றாண்டு வாழ்ந்து மறைந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைக் குழந்தைகளின் புரவலர் என்று பலரும் அறிவர். அவர் தமிழ் மாணவியாய்த் தடுமாறிய நாட்களைப் பேசுவார் சிலரே. கல்லூரி புகுந்த நாள்தொட்டு ஆங்கில வகுப்பில் வாய்திறக்க நாணிக் கடைசிப் பலகையில் ஒதுங்கியிருந்த எமக்கோ, அவர் வரலாற்றில் அப்பகுதியே பெரிதாய்த் தோன்றுகின்றது.

அம்மையார் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் அயர்லாந்தின் வடபால் மில்லைல் என்னும் கடற்கரையூரிற் பிறந்தார். 1893-இல் ஜப்பான் சென்றார். அந்நாட்டு மொழி கைவராமையின், மொழிபெயர்ப்பார் வாயிலாகவே பேச நேர்ந்தது. தாம் சொல்லியதும் கேட்டார் செவிப் பட்டதும் ஒன்றுதானா என்று தாமே அறிதற்கு வழியில்லை. உடல் நலிவுற்றுப் பதினைந்து திங்களில் அந்நாட்டை நீங்கினார். இலங்கையிற் சின்னாள் தங்கித் தாயகம் மீண்டார்.

1895 நவம்பரில் இந்தியா வந்து சேர்ந்தபோது அவரை எதிர்கொண்டது டெங்குக் காய்ச்சல். தேறியபின் பெங்களூரில் தமிழ் கற்கத் தொடங்கினார். வயதோ இருபத்தெட்டு. லகர ளகர ழகரங்களைப் பிரித்தறியாச் செவி. நீ, நீர், நீங்கள் என மூவகையாய் முன்னிலை சுட்டாத தாய்மொழி. நூலிற் கற்ற 'வந்துகொண்டிருக்கிறான்' தெருவில் 'வந்துக்கிட்டிருக்கான்' என்று உருமாறி எதிர்ப்படும். இலக்கணத்தை மனப்பாடம் செய்தவரும் மயங்கும் இடம் இது. (யாம் ஆங்கிலப் பேச்சைக் கேட்டு மயங்குதலும் இவ்வாறே.) சுற்றியிருந்தோர் பலர் ஆங்கிலமே பேசினமையால், கற்ற சிறிதளவும் நாவிற் பழகுதற்கு இடம் அரிதாயிற்று.

அந்நிலையில் மலைவாழிடத்தில் வாக்கர் ஐயரைச் சந்தித்தார். நெல்லைச் சீமையில் ஊழியம் செய்த அவர் தமிழில் வல்லுநர், கற்பிக்க இசைந்தார். 1896-இன் இறுதியில் அம்மையார் பாளையங்கோட்டை வந்தார். பாடம் ஐயரிடம், பழக்கமோ, பொன்னம்மாள் முதலிய தமிழ் மகளிருடன் மாட்டுவண்டியில் ஊரூராய்ச் சென்றவிடத்து. ஓயாது பேசும் தோழியரும், திண்ணைக் கிழவியரும், பிழை கேட்டுச் சிரிக்கும் சிறுவருமே அவர்க்கு மற்றை ஆசிரியர் என்பது எம் கருத்து.

1901 மார்ச்சுத் திங்களில், கோவிலுக்கு ஒப்புவிக்கப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பியோடி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பிரீனா என்பது அவள் பெயர். தான் கண்டதையும் பட்டதையும் அவள் குழந்தைத் தமிழிற் சொல்லச் சொல்ல, அம்மையார் நேரே கேட்டார். அச்சிறு வாய் உரைத்தவற்றை இடைநின்று மொழிபெயர்த்துத் தர வேண்டுமாயின், எத்துணை அச்சமும் நாணமும் குறுக்கிட்டிருக்கும்! ஜப்பானில் இல்லாத செவி அன்று அவர்க்கு இருந்தது. அவ்வாண்டே டோனாவூர் அவர்தம் நிலையான இருப்பிடமாயிற்று. இத்தகைய குழந்தைகளுக்கு அங்கே இல்லமும் அமைந்தது.

1931 அக்டோபர் 24-ஆம் நாள், மருத்துவப் பணிக்கென ஏற்பாடாகி வந்த வீட்டைப் பார்வையிட எம் களக்காட்டிற்கு வந்தவர், அங்கே வெட்டியிருந்த குழியில் வீழ்ந்து கால் முறிந்தார். அதன்பின் ஏறத்தாழ இருபதாண்டு பெரும்பாலும் அறையிலேயே கழிந்தது. 1951 சனவரி 18-ஆம் நாள் மறைந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாவென்று அவர் கேட்டிருந்தமையால், குழந்தைகள் அவ்விடத்தே பறவைகள் நீருண்ணத் தொட்டி ஒன்று வைத்தனர். அதன்மேற் பொறித்தது தாயைக் குறிக்கும் தமிழ்ச் சொல் ஒன்றே.